தேநீர் நிறத் தண்ணீர்

பல் டாக்டருக்கு அன்று காலையிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது. காரணம், மீன்.

காத்திருப்பு அறையின் சுவரோரம் பெரிய பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் நியான் மீன்கள் ஒரு கூட்டம் இருந்தது. இருந்தது என்று டாக்டர் சொல்லித்தான் மற்றவர்கள் நம்ப வேண்டியிருந்தது. பல்வலியோடு வருகிறவர்கள் தொட்டியின் முன்னால் குனிவார்கள், இந்தப் பக்கம் பார்ப்பார்கள், அந்தப் பக்கம் பார்ப்பார்கள், கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்.

"மீன் எங்க டாக்டர்?"

"பின்னாடி மூலையில இருக்கு. உத்துப் பாருங்க."

"ஓ, அதா? நான் ஏதோ பஞ்சு ஒட்டியிருக்குன்னு நினைச்சேன்."

கடையில் பார்த்தபோது அந்த மீன்கள் டாக்டரின் மனத்தை அப்படியே அள்ளிக்கொண்டன. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் உடம்பின் நீளத்துக்கு மின்சாரம் ஓடுகிற மாதிரி ஒரு நீலக் கோடு. அதன் கீழே வால் வரைக்கும் மிளகாய்ச் சிவப்பு. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. ஒன்று நின்றால் எல்லாம் நின்றன. பயத்தோடு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் போதும், மனசு தானாக ஆறிவிடும் என்று நினைத்தார். அந்தக் கடையோ இருண்ட கடை. தொட்டியில் பாசி, அடியில் அழுகின குச்சி, தண்ணீரில் ஒரு பழுப்பு. இவ்வளவு அழகான பிராணிகளை இப்படியா வைத்திருப்பது என்று முகம் சுளித்து, விலைக்கு வாங்கியதோடு விடுதலையும் வாங்கிக் கொடுத்ததாகவே எண்ணி எடுத்துவந்தார்.

வந்த நாளிலிருந்து அவர் அந்தத் தொட்டியை ஒரு வாயைப் போலப் பராமரித்தார். வேறு எப்படிப் பராமரிப்பது என்று அவருக்குத் தெரியாது. அடியில் பல் மாதிரி வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பினார். கண்ணாடியை மெல்லிய பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகத் தேய்த்தார். எச்சில் உறிஞ்சும் குழாயால் அடிக்கசடை உறிஞ்சினார். எங்காவது பாசியின் ஒரு நூல் தென்பட்டால் கிடுக்கியால் பிடுங்கினார். மருத்துவ அறைக்குப் புதிய விளக்கு வந்தபோது பழைய விளக்கை வீணாக்காமல் தொட்டிக்கு மேலே மாட்டினார். அதைப் போட்டால் தொட்டியில் நிழல் என்று ஒன்று மிச்சமிருக்காது.

இத்தனைக்கும் பலனாக, மீன்கள் வெளுத்துப்போய், வடிகட்டும் பெட்டிக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. டாக்டர் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டு அவற்றைத் தேடிப் பார்ப்பார். எல்லாம் அந்தக் கண்ணாடியையே வெறித்துப் பார்த்து இன்னும் ஒடுங்கும்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் ஒரு பிளாஸ்டிக் கோட்டையை விற்றார். மறுபடி போனார். கடைக்காரர் ஒரு மருந்துப் புட்டியை விற்றார். மூன்றாம் முறை போனபோது, உயர்ந்த ரகம் என்று ஒரு தகர டப்பா தீனியைத் தலையில் கட்டினார். டப்பாவின் மேல் இதே மீன்களின் படம். ஆனால் படத்தில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. மேலே மரக்கிளையின் நிழல், கீழே ஊறிப்போன இலைகள், வேர்கள். 'இவ்வளவு நல்ல மீனுக்கு இவ்வளவு மட்டமான அச்சு' என்று டாக்டர் டப்பாவைத் திருப்பி வைத்தார்.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் விடாமல் பேசுவதால் எல்லாருக்கும் அவள் ரேடியோ. "நேத்து வந்த அந்தக் குண்டு மாமா இருக்காரே, அவரு கேக்குறாரு, ஏன்மா தண்ணிய மட்டும் வளக்குறீங்களான்னு. நான் சொன்னேன், இல்ல மாமா, எங்க டாக்டர பாத்து அதுங்களும் பயந்துபோய் ஒளிஞ்சிருக்குன்னு."

"அடுத்த ஆளை உள்ள அனுப்பு."

"அதான் சொல்ல வந்தேன். அடுத்தது உங்க அக்கா."

டாக்டரின் எரிச்சல், மீனை விட்டு அக்காமேல் தாவியது.

இரண்டு தெரு தள்ளி, நூலும் பொத்தானும் ஊசியும் விற்கிற கடை அக்காவுடையது. ஊரில் யாருக்கு எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் காணாமல் போனாலும் அதற்கு ஜோடி அவளிடம் இருக்கும். நல்லவள். யார் கஷ்டம் என்று சொன்னாலும் வாய்க்குள்ளேயே அவர்களுக்காக ஒரு வேண்டுதலை முணுமுணுக்கிறவள். சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மூடிக்கொள்வாள். அந்த வாயைத்தான் டாக்டர் இதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. வருவாள், தன் முறையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பாள், பொத்தான்காரர் வந்திருப்பார் என்று எழுந்து போய்விடுவாள். ஒரு முறை நாற்காலி வரைக்கும் வந்து, அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் என்று இறங்கிப் போனாள். மதியத்துக்கு மேல் அவள் அடுப்பே மூட்டுவதில்லை என்பது டாக்டருக்குத் தெரியும்.

இன்று அவளால் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. இடக் கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே பளபளத்தது. சேலைத் தலைப்பால் மூடியிருந்தாலும் மறையவில்லை.

அக்காவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. சர்க்கரை உள்ள உடம்பில் கடைவாயில் சேர்ந்த சீழ் அங்கேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்காது. தாடைக்குப் பரவும், தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும், கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைக்கும். இன்றைக்கு இந்த வாய் திறந்தாக வேண்டும். பயம் வந்தால் டாக்டருக்கு அது பயமாக வெளிவராது. குரலில் ஏறிக் கோபமாகத்தான் வரும்.

"ஏறு. உக்காரு. ஆ காட்டு."

விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. அக்கா கண்ணை இறுக்கிக்கொண்டாள். உதட்டை அதைவிட இறுக்கிக்கொண்டாள்.

"ஆ காட்டுக்கா."

"காட்டுறேன். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"நான் திரும்பிக்கிட்டா யாரு பாக்குறது?"

"பாக்காம வைத்தியம் பண்ற மருந்து ஏதும் இல்லையா?"

"அக்கா, வெளிய ஆள் காத்திருக்கு. வெளையாடுற நேரமா இது? கன்னத்தைக் கண்ணாடியில பாத்தியா? எத்தனை தடவை சொன்னேன், வா வான்னு. பல் டாக்டரோட அக்கா வாய் இப்படியா இருக்கும்? கேக்குறவங்க என்ன சொல்லுவாங்க? அறிவுன்னு ஒண்ணு இருந்தா..."

அக்கா கண்ணைத் திறந்தாள். மெதுவாக விளக்கை ஒரு கையால் தள்ளிவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"ஒரு நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வரேன்."

அக்காவின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று டாக்டருக்குத் தெரியும். அதற்குள் பாதி அடைத்த பல்லோடு வெளியே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே வந்து நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டார். டாக்டர் கதவு வழியே குரல் கொடுத்தார்.

"அக்காவ வெளிய விடாத. சூடா எதுவும் குடிக்கக் குடுத்துடாத. கேக்குதா?"

"சரி டாக்டர்" என்றாள் ரேடியோ. ஆனால் அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள். முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன கொடுப்பது? எடை குறைப்பதற்காக அவள் தனக்கென்று கொண்டுவருகிற தேநீர் அது. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. இலையைக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவிட்டது. ஒரு பெரிய குவளை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். வலியில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

டிரைவரின் பல்லில் பூச்சைக் குழைத்து வைத்துவிட்டு, அக்கா இருக்கிறாளா ஓடிவிட்டாளா என்று டாக்டர் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். தன் கையில் இருந்த குவளையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி, சட்டென்று எழுந்து, குவளையை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

வெள்ளைக் கற்களின் மேல் ஒரு பழுப்பு மேகம் மெல்ல இறங்கியது.

"அக்கா."

"என்னடா?"

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலயே."

"அது என்ன?"

அக்கா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "மீனுக்குத் தாகமா இருக்குமேன்னு..."

மூலையில் உட்கார்ந்திருந்த கொத்தனார் வீங்கின ஈற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ரேடியோ மட்டும் பேசவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று டாக்டர் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை. உள்ளே டிரைவர் வாயைத் திறந்தபடி "ஆ... ஆ..." என்று கூப்பிட்டார். பூச்சு இறுகத் தொடங்கியிருந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க. நான் வந்து தண்ணிய உறிஞ்சிக்கறேன். தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே ஓடினார்.

அவர் அந்தப் பல்லைச் சீராக்கிய நேரமெல்லாம் மனசுக்குள் அக்காவோடு வாதாடிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் தொட்டியைக் கெடுப்பாள். ஊருக்கெல்லாம் வேண்டிக்கொள்வாள், தம்பியின் உயிரை மட்டும் வாங்குவாள். செத்த மீன்களை எப்படி அப்புறப்படுத்துவது, நோயாளிகளுக்கு முன்னால் அதைச் செய்யலாமா என்று யோசித்தார். டிரைவரை வாய் கொப்பளிக்கச் சொன்னபோதுதான் வெளியே ஒரு வித்தியாசம் உறைத்தது. சிரிப்பு இல்லை. ரேடியோவின் குரலும் இல்லை.

எல்லாம் செத்துப்போய்விட்டன என்று முடிவுகட்டி, உறிஞ்சுகுழாயோடு வெளியே வந்தார்.

தொட்டியின் மேல் இருந்த விளக்கு அணைந்திருந்தது. கறை தெரியாமல் இருக்கட்டும் என்று அக்காதான் அணைத்திருக்கிறாள். ஜன்னலிலிருந்து வந்த சாதாரண வெளிச்சம் மட்டும் சாய்வாக விழுந்தது. கொத்தனார், டீச்சர், ரேடியோ, அக்கா எல்லாரும் தொட்டியைச் சுற்றி, சாமி கும்பிடுகிற இடத்தில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அதன் நடுவே மீன்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் ஒன்று மூலையை விட்டு நகர்ந்து நின்றது. பிறகு அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டம் முழுவதும், நூலில் கோத்த மாதிரி, நீளமாக வெளியே வந்தது. வெளுத்துக் கிடந்த உடம்புகளில் நீலக் கோடு மெல்ல மெல்ல ஏறியது. சிவப்பு வால்வரை ஊறியது. தொட்டியின் நடுவுக்கு வந்ததும் அவை ஒன்றாகத் திரும்பின. அத்தனை கோடுகளும் ஒரே நேரத்தில் மின்னின.

"பாருடா" என்றாள் அக்கா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "நான் ஒண்ணும் பண்ணல. தானா வந்துச்சு."

டாக்டர் கையில் இருந்த குழாய் தொங்கியது. தொட்டியின் ஓரத்தில், திருப்பி வைத்திருந்த தீனி டப்பாவை எடுத்துப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர். மரத்தின் நிழல். ஊறின இலைகள். அச்சில் ஒரு பிழையும் இல்லை.

படைத்தவன் இந்தச் சின்ன உயிர்களை எங்கோ காட்டு ஓடையில், இலை உதிர்ந்து ஊறி ஊறிச் சாயம் இறங்கிய தண்ணீரில், கிளைகளின் அடியில் படைத்திருக்கிறான். அந்த மங்கலில் ஒன்றையொன்று தவறவிடாமல் இருக்கத்தான் அந்த நீலக் கோடு. டாக்டரோ அவற்றைக் கொண்டுவந்து, நல்ல எண்ணத்தோடு, ஒரு அறுவை சிகிச்சை மேசையின்மேல் வைத்தார். மேலே பெரிய விளக்கு, கீழே வெள்ளைக் கல், நடுவில் ஒளிய ஓர் இலைகூட இல்லை. அவை எங்கே போகும்?

"பாவம்டா அதுங்க" என்றாள் அக்கா. "அவ்வளவு வெளிச்சம் போட்டா யாருக்குத்தான் வெளிய வரத் தோணும்?"

"இத்தனை நாள் அதுங்க நல்லதுக்குத்தானே போட்டேன்."

"எனக்கும் நல்லதுக்குத்தான் போடுற. எனக்குத் தெரியாதா?" அவள் குரல் தாழ்ந்தது. "வலிக்குப் பயமில்லடா. வலி பழகிப்போச்சு. அந்த விளக்கப் போட்டு, உள்ள இருக்குறதெல்லாம் பாத்துட்டு, நீ ஒண்ணு சொல்லுவ பாரு. அதுக்குத்தான்."

டாக்டரின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. உன் நல்லதுக்குத்தானே திட்டுகிறேன் என்பது அதன் தொடக்கம். மிச்சம் இன்னும் நீளம். எதிரே மீன்கள் அசையாமல் நின்றன. தான் சத்தமாக ஒரு வார்த்தை பேசினால் அவை மறுபடி மூலைக்கு ஓடிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வந்த பதிலை விழுங்கினார். அது அவ்வளவு எளிதாக இறங்கவில்லை.

"சரி. நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லுவ."

"சொல்லல."

"வாயால சொல்லாட்டி மூஞ்சியால சொல்லுவ."

"மூஞ்சிக்கு மாஸ்க் போட்டுக்கறேன்."

அக்கா சிரித்தாள். சிரித்ததும் வலித்து, வாயை மூடக் கை போனது. பாதியிலேயே கையை இறக்கிக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் ஜன்னல் திரையைப் பாதி இழுத்தார். பெரிய விளக்கை அணைத்தார். படுக்கிற நாற்காலி வேண்டாம் என்று, தான் உட்காருகிற சாதாரண நாற்காலியை அவளுக்குப் போட்டார். முதலில் அவள் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்த்தார். அந்த எண்ணைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. பிறகு முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஒரு சின்ன டார்ச்சை மட்டும் எடுத்தார்.

"நீ எப்ப தயாரோ அப்ப."

அக்கா கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

உள்ளே இருந்ததைப் பார்த்தபோது டாக்டருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பாதி அரித்துப்போன பல். சீழ் கோத்துப் பழுத்து நின்ற ஈறு. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு, அவற்றின் கதையும் அதே கதை. இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து, மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அக்கா கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் டாக்டர். "இது ஆகுற வேலைதான்."

மரத்துப்போகிற ஊசி போட்டார். பொறுத்திருந்து, ஈற்றைச் சின்னதாகக் கீறினார். உள்ளே அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அக்கா அவருடைய வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தான் அவள் கையோடு வந்துவிட்டது. எல்லாம் முடிந்து வாய் கொப்பளித்தபின், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை கடவுளுக்கு. இரண்டாவது, தம்பிக்கு.

"பொத்தானுக்குக் கவலப்படாத. ஜோடி என்கிட்ட இருக்கு."

மாத்திரை எழுதிக் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் பல்லை எடுக்க வரவேண்டும் என்றார் டாக்டர். நடுவில் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும் என்றார். ஏன் இவ்வளவு நாள் விட்டாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது, அன்று அவர் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை.

அடுத்த வாரம் தொட்டி மாறியிருந்தது. ரேடியோவின் தேநீரை இறைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் மருந்தடிக்காத மரத்தின் காய்ந்த இலைகளை அலசிப்போட்டு ஊறவிட்டிருந்தார்கள். வெள்ளைக் கற்கள் போய்விட்டன. பிளாஸ்டிக் கோட்டையும் போய்விட்டது. கிடுக்கியை எடுத்து ஓர் இலையைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று டாக்டர் தனக்குத்தானே கட்டளை போட்டிருந்தார். சில சமயம் கை அரித்தது. மீன்கள் கலைந்து, சேர்ந்து, இலைகளுக்கு நடுவே ஊர்வலம் போயின. ஆனால் அவருக்கு நிம்மதி கிடைத்துவிடவில்லை. முன்பு மீன் எங்கே என்று கேட்டவர்கள் இப்போது வேறு கேட்டார்கள்.

"என்ன டாக்டர், சுத்தமான ஆளு நீங்க. தண்ணிய இப்படி அழுக்கா வச்சிருக்கீங்க?"

"அழுக்கு இல்லங்க. அது அவங்க ஊர்த் தண்ணி."

இதை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்வது? ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னால், ரேடியோ அதற்குப் பதிலாகத் தானே எல்லாருக்கும் விளக்கத் தொடங்கிவிட்டாள். அது அதைவிட மோசம்.

பல் எடுக்கிற நாளில் அக்கா தன் முறையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உள்ளே வந்தாள். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. கோட்டுக்குப் பொத்தான் கொண்டுவந்திருந்தாள். அச்சு அசல் ஜோடி. அதை அங்கேயே தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் ஏறினாள். டாக்டரின் கை பழக்கத்தில் விளக்கின் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது.

"அக்கா, விளக்கு போடவா?"

அக்கா மேலே இருந்த அந்தப் பெரிய வெள்ளை வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"கேட்டுட்டல்ல. இப்பப் போடு."

வெளிச்சம் விழுந்தது. அக்கா வாயைத் திறந்தாள். திறந்தவள், ஊசி போட்டு மரத்துப்போகும்வரை சும்மா இருந்திருக்கலாம். தொட்டியில் இலை போதாது, உன் பொண்டாட்டிக்கு நீல நூல் வேண்டுமென்றாளே வந்திருக்கிறது என்று சொல், அந்தக் கொத்தனாரின் ஈறு இப்போது எப்படி இருக்கிறது, ரேடியோவுக்கு வாரத்தில் ஒரு நாளாவது சீக்கிரம் வீட்டுக்குப் போக விடு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அக்கா" என்றார் டாக்டர், கிடுக்கியை உயர்த்திப் பிடித்தபடி. "கொஞ்சம் பேசாம இரு."